குழுக்கடன் கெடுபிடியைக் கேள்வி கேட்பது எப்படி? ஆளை வையாமல் அமைப்பைப் பேச ஒரு வழிகாட்டி

ஒரு வாரத் தவணை கட்ட முடியாத பெண்ணின் வாசலில் இரவு எட்டு மணி வரை வசூலுக்கு வந்தவர் உட்கார்ந்திருக்கிறார். ஒருவர் கட்டாத தவணைக்கு மற்றவர்களும் பதில் சொல்ல வேண்டும் என்பதால், அவர் எழுந்து போகும் வரை கடன் குழுவில் இருக்கும் மற்றப் பெண்களும் வீட்டுக்குப் போக முடியாது. கடைசியில் எல்லாருடைய கோபமும் அந்த ஒரு பெண்ணின் மேல் விழுகிறது. தமிழ்நாட்டின் எந்த மாவட்டத்தில் இருந்தாலும் இதைப் பார்த்திருப்பீர்கள். 'இது அநியாயம், எங்காவது சொல்ல வேண்டும்' என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் பகுதியில் சில பெண்களோடு சேர்ந்து மனு எழுதி அலைந்தபோது, எங்கே போவது, எதை எழுதுவது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அந்த அலைச்சலில் ஒன்று புரிந்தது. மனு தள்ளுபடி ஆவதற்கும், ஒன்று சேர்ந்த பெண்கள் கலைந்து போவதற்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான். அநியாயத்தைப் பற்றித் தொடங்கிய பேச்சு, ஏதோ ஒரு தனி ஆளின் மேல் வசையாக முடிந்துவிடுகிறது. அந்த ஆள் வசூல் பையனாக இருக்கலாம், குழுத் தலைவியாக இருக்கலாம், டியூ கட்டாத பக்கத்து வீட்டு அக்காவாகவும் இருக்கலாம். வட்டியும் விதியும் அவர்களைத் தாண்டி வேறு எங்கோ முடிவாகின்றன. அந்த 'வேறு எங்கோ' வரைக்கும் உங்கள் குரல் போக வேண்டும் என்றால் கீழே உள்ள வரிசையில் செய்யுங்கள்.

1. கடன் கொடுத்தது யார் என்று உறுதிசெய்யுங்கள்

ஊரில் எல்லாவற்றுக்கும் 'குழு லோன்' என்றுதான் பெயர். உண்மையில் நான்கு வகை கலந்து கிடக்கிறது. மகளிர் திட்டத்தின் கீழ் உள்ள சுய உதவிக் குழு வாங்கிய வங்கிக் கடன் ஒன்று. தனியார் நுண்கடன் நிறுவனம் பத்துப் பெண்களைச் சேர்த்துத் தரும் கடன் இன்னொன்று. சிறு நிதி வங்கியோ வேறு வங்கியோ ஒரு முகவர் நிறுவனம் வழியாகத் தருவது மூன்றாவது. பதிவே இல்லாத தண்டல், கந்து வட்டி நான்காவது.

போக வேண்டிய இடம் ஒவ்வொன்றுக்கும் வேறு. கந்து வட்டிக்கு 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் இருக்கிறது. அதற்குக் காவல் நிலையம் போக வேண்டும். இந்தக் கட்டுரை இரண்டாவது, மூன்றாவது வகைகளைப் பற்றியது மட்டும்.

இங்கே ஒரு பொறி உண்டு. வாசலில் வருபவரின் சட்டையில் ஒரு பெயர் இருக்கும், லோன் கார்டின் அடியில் வேறு பெயர் இருக்கும். கடன் கொடுத்தவர் கார்டில் இருப்பவர்தான். பெயர் மாற்றி மனு எழுதினால் அது திரும்பி வரும். எல்லாக் குழுவையும் ஒரே கூடையில் போட்டுப் பேசினாலோ, நாணயமாக நடக்கும் சுய உதவிக் குழுப் பெண்கள் முதல் நாளே உங்களை விட்டு விலகிவிடுவார்கள்.

2. கோபத்தைத் தாளில் பிரித்து எழுதுங்கள்

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் என்ன நடந்தது, இரண்டாவதில் அதைச் செய்தது யார், மூன்றாவதில் அதை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது.

'இரவில் வந்து உட்கார்ந்தார்' என்பதைச் செய்தவர் களப்பணியாளர். மாற்றக்கூடியவர்கள் கிளை மேலாளரும் நிறுவனத்தின் குறைதீர் அலுவலரும். 'ஏற்கெனவே மூன்று கடன் இருந்தும் நான்காவது கொடுத்தார்கள்' என்றால் கையெழுத்து வாங்கியவர் களப்பணியாளர், ஒப்புதல் கொடுத்தது நிறுவனத்தின் கடன் பிரிவு. வட்டி விகிதத்தை முடிவு செய்வது நிறுவனத்தின் இயக்குநர் குழு. அந்த அதிகாரத்தை அவர்களுக்குக் கொடுத்தது ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதி. மழைக்காலத்தில் வேலையே இல்லாதபோதும் வாரத் தவணை நிற்காமல் ஓடுகிறது என்றால், அது கடன் திட்டத்தை வடிவமைத்தவர்களின் முடிவு.

இந்தத் தாளை எழுதி முடித்தால் ஒன்று கண்ணுக்குத் தெரியும். வாசலில் நிற்கும் தம்பியின் பெயர் இரண்டாவது கட்டத்தில் திரும்பத் திரும்ப வரும், மூன்றாவது கட்டத்தில் ஒருமுறைகூட வராது. அவருக்கும் வசூல் இலக்கு இருக்கிறது. அவர் வீட்டிலும் யாரோ ஒருவர் பெயரில் இதே மாதிரி லோன் ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். இதனால் அவர் பேசிய கெட்ட வார்த்தை சரி என்று ஆகிவிடாது. அதற்குத் தனியாகப் புகார் எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் அவரை வேலையைவிட்டுத் தூக்கினால் அடுத்த திங்கட்கிழமை அதே இலக்கோடு வேறொரு தம்பி வருவார்.

3. காகிதங்களைச் சேருங்கள்

இந்த வேலையில் பாதி நேரம் இதற்குத்தான் போகும். அவசரப்படாதீர்கள்.

லோன் கார்டு முதலில். அதில் வட்டி, கட்டணங்கள், தவணை விவரம், நீங்கள் கட்டிய ஒவ்வொரு தவணைக்குமான ஒப்புகை, குறைதீர் அலுவலரின் பெயரும் தொலைபேசி எண்ணும் எல்லாம் கடன் வாங்கியவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பது விதி. பல வீடுகளில் கார்டு குழுத் தலைவியிடம் இருக்கும். திருப்பிக் கேளுங்கள், சண்டை வேண்டாம். 'அக்கா, ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டுத் தரேன்' என்றால் போதும்.

அடுத்து வங்கிப் பாஸ்புக். கடன் தொகை என்று கார்டில் இருப்பதும் கணக்கில் உண்மையில் வரவு வைத்ததும் ஒன்றா என்று பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அது செயலாக்கக் கட்டணம், காப்பீடு என்று போயிருக்கும். மிக்ஸி, சோலார் விளக்கு, காப்பீடு எதுவானாலும் கடனோடு சேர்த்துத் தலையில் கட்டக் கூடாது. உங்கள் முழுச் சம்மதத்தோடு மட்டுமே தரலாம், அதன் கட்டணமும் கார்டில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, கடன் வரலாற்று அறிக்கை. சிபில், கிரிஃப் ஹைமார்க், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். உங்கள் பெயரில் எத்தனை கடன் இருக்கிறது என்று அதில் தெரியும். நீங்கள் வாங்காத கடன்கூட இருக்கக்கூடும். இலவச அறிக்கை என்று தேடும்போது பணம் கேட்கும் தளங்கள் முதலில் வரும், அந்த நிறுவனங்களின் சொந்தத் தளத்துக்கே போங்கள். பெண்ணின் ஆதார், பான் எண்களை வெளியாள் யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் போனிலேயே செய்யுங்கள்.

நான்காவது, ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, நேரம், யார் வந்தார், என்ன சொன்னார், அப்போது அங்கே யார் இருந்தார்கள். அன்றைக்கு அன்றைக்கே எழுத வேண்டும். 'ரொம்ப நாளா தொல்லை' என்ற வரியை யாரும் விசாரிக்க முடியாது. தேதியும் மணியும் இருந்தால் நிறுவனமே தன் பதிவேட்டைத் திறந்து பார்த்தாக வேண்டும்.

செலவு என்று பார்த்தால் ஜெராக்ஸும் நோட்டும்தான். ஒரு பெண்ணுக்கு நூறு ரூபாயைத் தாண்டாது. அதிகமாகக் கேட்பவர் யாராக இருந்தாலும் விலகுங்கள். 'கடனைத் தள்ளுபடி செய்து தருகிறேன், தலைக்கு இவ்வளவு' என்று வருபவர்கள் இதே பெண்களைத்தான் குறிவைப்பார்கள்.

4. கணக்கைப் போட்டுப் பாருங்கள்

வட்டி அநியாயம் என்று சொல்வதற்கு முன் எவ்வளவு என்று சொல்லத் தெரிய வேண்டும். ஒரு கணக்கு எடுத்துக்கொள்வோம். 50,000 ரூபாய் கடன், 24 மாதத் தவணை, குறையும் நிலுவைக்கு ஆண்டுக்கு 24 சதவீத வட்டி. மாதத் தவணை ஏறத்தாழ 2,644 ரூபாய் வரும். இரண்டு ஆண்டில் மொத்தம் சுமார் 63,450 ரூபாய் கட்டுவீர்கள். வட்டி மட்டும் 13,450.

இதையே முழுத் தொகைக்கும் இரண்டு ஆண்டுக்கும் என்று வகுத்தால் ஆண்டுக்கு 13 சதவீதத்துக்குச் சற்று மேல் என்று வரும். 'வெறும் பதிமூணு வட்டிதான்க்கா' என்று யாராவது சொல்லியிருந்தால் அந்தக் கணக்கு இப்படி வந்ததுதான். மாதா மாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது என்பதை அது மறைத்துவிடுகிறது. இனி அந்த 50,000த்தில் கட்டணமும் காப்பீடுமாகச் சுமார் 2,000 பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுத்தார்கள் என்று வையுங்கள். தவணை மாறாது. கைக்கு வந்த தொகைக்கு வட்டி போட்டால் அது 28 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

இன்னொரு கணக்கும் உண்டு, அது இதைவிட முக்கியம். ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்குப் பிணையில்லாமல் தருவதுதான் நுண்கடன். அந்தக் குடும்பம் எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாதம் கட்டும் தொகை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வீட்டில் மாதம் 15,000 வருகிறது என்றால் எல்லாத் தவணையும் கூட்டி 7,500க்குள் இருக்க வேண்டும். கடன் கொடுத்த அன்றே அதைத் தாண்டியிருந்தால், தவறு கொடுத்தவரிடம் இருக்கிறது. விண்ணப்பத்தில் வருமானம் எவ்வளவு என்று எழுதியிருக்கிறார்கள் என்று கட்டாயம் பாருங்கள். அந்த எண்ணை எழுதியது பெரும்பாலும் கடன் வாங்கிய பெண்ணாக இருக்க மாட்டார்.

5. எதிர்த்தரப்பின் நியாயத்தை நீங்களே எழுதுங்கள்

பலர் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். போகாதீர்கள். கூட்டத்தில் உங்களை மடக்கப்போகும் கேள்விகள் எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. அவற்றில் உண்மையும் இருக்கிறது.

வங்கிக்குப் போனால் பிணை கேட்பார்கள், இரண்டு மாதம் அலைய விடுவார்கள். இவர்கள் வீட்டுக்கே வந்து கொடுத்தார்கள். இது உண்மை. 24 சதவீதம் என்பது ஊர்க் கணக்கில் இரண்டு ரூபாய் வட்டி, தண்டல்காரரிடம் ஐந்து வட்டி, பத்து வட்டிக்கு வாங்கியவர்களுக்கு இது குறைவுதான். இதுவும் உண்மை. நிறுவனமும் வங்கியிடம் வட்டிக்குக் கடன் வாங்கித்தான் கொடுக்கிறது, வீடு வீடாக ஆள் அனுப்பும் செலவும் அதற்கு இருக்கிறது. 2010இல் ஆந்திராவில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தபோது வசூல் நின்றது, புதுக் கடனும் நின்றது. 'எங்களுக்குக் கிடைக்கும் ஒரே கடனையும் கெடுத்துவிடாதீர்கள்' என்று ஒழுங்காகக் கட்டிவரும் பெண்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

ஒவ்வொன்றுக்கும் மறுப்பு எழுதுவதற்கு முன், 'ஆம், இது சரி' என்று எழுதுங்கள். அதன்பின் உங்கள் கேள்வி கூர்மையாகும். பிணை வாங்கவில்லை, சரி. ஆனால் பக்கத்து வீட்டுக்காரியின் முகத்தை அல்லவா பிணையாக வைத்திருக்கிறார்கள்? கந்து வட்டியைவிடக் குறைவு, சரி. சட்டம் தடைசெய்த ஒன்றை அளவுகோலாக வைத்தால் எந்த வட்டியும் நியாயமாகத்தானே தெரியும்? செலவு இருக்கிறது, சரி. அந்தச் செலவு எவ்வளவு, லாபம் எவ்வளவு என்று கடன் வாங்கியவருக்குச் சொன்னால் என்ன?

2022 மார்ச் வரை நுண்கடன் நிறுவனங்களின் வட்டிக்கு ரிசர்வ் வங்கி ஒரு மேல்வரம்பு வைத்திருந்தது. ஏப்ரல் முதல் அந்த வரம்பு இல்லை. வட்டி அளவுக்கு மீறக் கூடாது என்ற பொதுச் சொல் மட்டும் இருக்கிறது. அதன்பின் 2024 அக்டோபரில் நான்கு நிதி நிறுவனங்கள் புதுக் கடன் தருவதை அதே ரிசர்வ் வங்கி நிறுத்தி வைத்தது. அவற்றில் இரண்டு நுண்கடன் நிறுவனங்கள். சொன்ன காரணங்களில் முக்கியமானது அவை விதித்த அதிக வட்டி. சில மாதங்களில் தடை நீங்கியது. ஆனாலும் 'வட்டி அதிகம்' என்று நீங்கள் சொல்வது வெறும் புலம்பல் இல்லை, மேற்பார்வை செய்பவரே சொன்னது என்பதற்கு இது ஆதாரம். கூட்டத்தில் இதை அமைதியாகச் சொல்லுங்கள், போதும்.

6. புகார் ஒரு தாள், விமர்சனம் இன்னொரு தாள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே மனுவில் எழுதாதீர்கள்.

ஒரு பெண்ணுக்கு நடந்த விதிமீறல் புகார். அது நிறுவனத்துக்கும், பிறகு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கும் போகும். 'இந்த வட்டி முறையே அநியாயம்' என்பது விமர்சனம். அது மாவட்ட ஆட்சியர், சட்டமன்ற உறுப்பினர், கிராம சபை, பத்திரிகை என்று போகும். குறைதீர்ப்பாளரிடம் வட்டி முறையைப் பற்றி எழுதினால், அது நிறுவனத்தின் வணிக முடிவு என்று சொல்லி மூடிவிடுவார்கள். ஆட்சியரிடம் ஒரு பெண்ணின் தவணைத் தகராறை மட்டும் கொடுத்தால், மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கியின் மேலாளருக்கு அனுப்பி அதோடு முடித்துவிடுவார்கள்.

வசை நிறைந்த புகாரை ஏற்கத் தேவையில்லை என்று குறைதீர்ப்பாளர் திட்டத்தின் விதியிலேயே இருக்கிறது. ஆகவே சொற்களில் கவனம் வையுங்கள்.

'ரத்தம் உறிஞ்சும் அட்டைகள்' என்று எழுத வேண்டாம். 'கட்டிய ஆறு தவணைக்கு கார்டில் ஒப்புகை இல்லை' என்று எழுதுங்கள். 'ரவுடித்தனம் செய்தான்' என்பதற்குப் பதில், 'இந்தத் தேதி இரவு 8.20க்கு வந்தார், 9.45 வரை வாசலில் இருந்தார், கணவரின் முதலாளிக்குப் போன் செய்வதாகச் சொன்னார், உடன் இருந்தவர்கள் இன்னார்' என்று எழுதுங்கள். 'அவர்' என்ற மரியாதையை எல்லா வரியிலும் காப்பாற்றுங்கள். படிக்கும் அதிகாரி அவன், இவன் என்பதைப் பார்த்த உடனே இரண்டு பேர் சண்டை என்று முடிவு செய்துவிடுகிறார்.

புகாரில் சுட்டிக்காட்ட வேண்டிய விதிகள் இவை:

- காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. ஓயாமல் அழைப்பதும் கூடாது.
- இரு தரப்பும் ஒப்புக்கொண்ட இடத்தில்தான் வசூல். அங்கே தொடர்ந்து இரண்டு முறையாவது வராமல் போனால் மட்டுமே வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ வரலாம்.
- மிரட்டல், வசைச்சொல், உறவினரையும் உடன் வேலை செய்பவரையும் தொந்தரவு செய்தல், பெயரை ஊரறியப் போடுதல், கடன் தொகையைக் கூட்டிச் சொல்லி ஏமாற்றுதல் எதுவும் கூடாது.
- தாமத அபராதம் நிலுவைத் தவணைக்கு மட்டும்தான், முழுக் கடனுக்கும் இல்லை. முன்கூட்டியே கட்டி முடித்தால் அபராதம் கிடையாது.
- கட்ட முடியாமல் திணறுபவரை அடையாளம் கண்டு வழிசொல்லும் ஏற்பாடு நிறுவனத்தில் இருக்க வேண்டும்.
- வசூலை வெளி ஆளிடம் விட்டிருந்தாலும் பொறுப்பு நிறுவனத்துக்கே.

கடைசியாக என்ன வேண்டும் என்று ஒரே வரியில் எழுதுங்கள். 'தவணையை மாதாந்திரமாக மாற்றி, காலத்தை ஓராண்டு நீட்டித்துத் தர வேண்டும்' என்பது போல. 'தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்' என்று எழுதினால் எதுவும் நடக்காது.

7. எங்கே கொடுப்பது, எத்தனை நாள்

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு. மின்னஞ்சலில் அனுப்பலாம், விரைவு அஞ்சலில் ஒப்புகையோடும் அனுப்பலாம். நூறு ரூபாய்க்குள் முடியும். கிளையில் நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். இந்தத் தேதியில் இருந்துதான் எல்லாக் கெடுவும் ஓடும்.

30 நாள் காத்திருங்கள். பதில் வரவில்லை என்றாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சிஎம்எஸ் என்ற அவர்களின் இணையதளத்தில் பதியலாம். தாளில் எழுதி சண்டிகரில் செக்டார் 17இல் உள்ள ரிசர்வ் வங்கியின் மையப் பதிவு அலுவலகத்துக்கும் அனுப்பலாம். கட்டணம் எதுவும் இல்லை. சந்தேகம் இருந்தால் 14448 என்ற எண்ணில் கேளுங்கள். வக்கீல் பெயரில் அனுப்பாதீர்கள், பாதிக்கப்பட்டவரே கையெழுத்திடுவது நல்லது. நிறுவனத்திடம் முதலில் கொடுத்ததற்கான அத்தாட்சி இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதே விஷயம் நீதிமன்றத்தில் இருந்தாலும் எடுக்க மாட்டார்கள்.

சட்ட உதவி வேண்டும் என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசம். மிரட்டலோ கைவைப்போ நடந்திருந்தால் 30 நாள் எல்லாம் காத்திருக்க வேண்டாம். அன்றே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள். கட்டாய வசூலைத் தடுக்க 2025இல் தமிழ்நாடு சட்டமன்றம் தனியாகவே ஒரு சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. உங்கள் நிறுவனத்துக்கு அதில் எது பொருந்தும் என்று ஆணைக்குழு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் தனியார் நிறுவனத்திடம் நேரடியாகக் கேட்க முடியாது. அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

யாராவது ஒரு பெண் 'செத்துப் போயிடலாம்னு இருக்கு' என்று சொன்னால் மனு வேலையை அப்படியே நிறுத்திவிடுங்கள். தனியாக விடாதீர்கள். 104 அல்லது 14416க்கு அவரோடு சேர்ந்து பேசுங்கள். எந்தக் கெடுவும் அதைவிட அவசரம் இல்லை.

8. கூட்டம் கூடும்போது

வசூல் நேரத்தில் கூட்டம் போடாதீர்கள். அது மறியலாக மாறிவிடும். ஞாயிறு மாலை, கோயில் மண்டபமோ அங்கன்வாடித் திண்ணையோ பொதுவாக எல்லாச் சாதிப் பெண்களும் தயக்கமில்லாமல் வந்து உட்காரக்கூடிய இடமாகப் பாருங்கள்.

குழுத் தலைவியை முதலில் கூப்பிடுங்கள். மற்றவர் தவணையையும் தன் தாலியை அடகு வைத்துக் கட்டியவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். அவரை நிறுவனத்தின் ஆள் என்று ஒதுக்கினால் பாதிக் காகிதங்கள் உங்களுக்குக் கிடைக்காது, மீதிக் கதையும் தெரியாது. டியூ கட்டாத பெண்ணைக் கூட்டத்தின் நடுவில் நிறுத்திக் கணக்குக் கேட்காதீர்கள். அவர் ஏன் கட்டவில்லை என்பது அவர் விரும்பினால் சொல்லட்டும்.

களப்பணியாளர் வந்து நின்றால் விரட்ட வேண்டாம். ஒரு நகலைக் கையில் கொடுத்து, 'தம்பி, உங்க மேல எங்களுக்குக் கோபம் இல்ல. ஆறு மணிக்கு மேல வசூலுக்குக் கூப்பிடக் கூடாதுன்னு விதி இருக்கு. இதை உங்க மேனேஜர்கிட்ட குடுத்துடுங்க' என்று சொல்லுங்கள். இந்தச் சொற்களுக்குப் பிறகு பல களப்பணியாளர்கள் தங்கள் இலக்கு என்ன, தவணை வராவிட்டால் தங்களுக்கு என்ன ஆகும் என்று மனம்விட்டுப் பேசுவார்கள். அதை அவர் பெயரோடு எங்கும் எழுதாதீர்கள். அவர் வேலை போய்விடும்.

அவரை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடும் ஆசை யாருக்காவது வரும். தடுங்கள். மிரட்டலுக்கு ஆதாரமாக ஒரு பதிவு இருந்தால் புகாரோடு காவல் நிலையத்தில் கொடுக்கலாம். ஊருக்குப் பரப்பினால் அவதூறு வழக்குக்கு வழி திறக்கிறது, பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 356ஆம் பிரிவு. வழக்கு வராவிட்டாலும், அந்தத் தம்பியின் அம்மாவும் அந்த வீடியோவைப் பார்ப்பார். கடன் வாங்கியவர் பெயரை ஊரறியச் செய்யக் கூடாது என்று விதி கேட்கும் நாம் அதையே இன்னொருவருக்குச் செய்யலாமா?

'யாரும் கடன் கட்டாதீர்கள்' என்று மேடையில் சொல்லாதீர்கள். கட்டாமல் போனால் கடன் வரலாற்றில் விழும் அடி அந்தந்தப் பெண்ணுக்குத்தான், பேசியவருக்கு இல்லை. அந்த முடிவு அவரவருடையது.

9. விமர்சன மனுவில் கேட்க வேண்டியவை

ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் எழுதுங்கள். முதல் பத்தியில் உங்கள் தெருவின் கணக்கு: எத்தனை குடும்பம், எத்தனை கடன், வருமானத்தில் எவ்வளவு பங்கு தவணைக்குப் போகிறது. பெயர்கள் வேண்டாம், எண்கள் போதும். இரண்டாம் பத்தியில் ஐந்தாவது படியில் நீங்கள் ஒப்புக்கொண்ட எதிர்த்தரப்பு நியாயம். மூன்றாவதில் கோரிக்கைகள்.

நாங்கள் கேட்டவை இவை, உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். வட்டிக்கு மீண்டும் ஒரு மேல்வரம்பு. விவசாயக் கூலி இல்லாத மாதங்களில் தவணைக்கு இடைவெளி. களப்பணியாளரின் ஊக்கத்தொகை வசூல் விகிதத்தை மட்டும் வைத்துக் கணக்கிடப்படாமல் இருப்பது. ஒருவர் கட்டாத தவணையை மற்றவர்களிடம் அன்றே கறக்கும் வழக்கத்தை நிறுத்துவது. கூட்டுறவுச் சங்கமும் பொதுத்துறை வங்கியும் இதே பெண்களுக்குச் சிறுகடன் தர மாவட்ட அளவில் இலக்கு வைப்பது. மூன்றாவது கோரிக்கையைப் படித்த ஒரு கிளை ஊழியர், 'இதை எங்களுக்காகவா கேட்கிறீர்கள்' என்று வியந்தார். ஆமாம், அவருக்காகவும்தான்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கும். காலையிலேயே போய் வரிசையில் நில்லுங்கள், மனு எண் எழுதிய ரசீது வாங்குங்கள். முதல்வரின் முகவரித் துறைக்கு 1100 எண்ணிலும் சொல்லலாம். வட்டி வரம்பு ரிசர்வ் வங்கியின் கையில் இருப்பதால், அந்தக் கோரிக்கையை உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் தனியாகக் கொடுங்கள்.

கிராம ஊராட்சி என்றால் கிராம சபையை விடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். ஒரு வாரம் முன்பே ஊராட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, கூட்டப் பொருளில் சேர்க்கச் சொல்லுங்கள். தீர்மானம் பதிவேட்டில் ஏறியதா என்று அன்றே பார்த்து, நகல் கேளுங்கள்.

10. பதில் வந்த பிறகு

நிறுவனம் தொலைபேசியில் சமாதானம் பேசினால், பேசியதை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். தவணைக் காலத்தை நீட்டித்தால் புதிய தவணை அட்டவணையும், நீட்டித்த காலத்துக்கான மொத்த வட்டியும் தாளில் வர வேண்டும். பழைய கடனை முடிக்கப் புதுக் கடன் தருகிறோம் என்றால் நான்காவது படியில் போட்ட கணக்கை அதற்கும் போட்டுப் பாருங்கள். மாதத் தவணை குறைந்து மொத்தத் தொகை கூடியிருக்கும்.

குறைதீர்ப்பாளர் புகாரை மூடினால் எந்தக் காரணத்தால் மூடினார் என்று கடிதத்தில் இருக்கும். ஆவணம் குறை என்றால் சேர்த்து மறுபடி அனுப்புங்கள். மேல்முறையீட்டுக்கு வழி இருந்தால் கெடு அதே கடிதத்தில் இருக்கும், தேதியை நோட்டில் வட்டமிட்டு வையுங்கள். கோரியது கிடைத்தால் அந்தப் பதிலின் நகலை, பெயரையும் கணக்கு எண்ணையும் மறைத்து, அடுத்த தெருப் பெண்களுக்குக் கொடுங்கள். கிளை மேலாளர் சரியாக நடந்துகொண்டிருந்தால் அதையும் ஒரு வரி எழுதி நிறுவனத்துக்கு அனுப்புங்கள். அடுத்த பெண் அதே கிளைக்குப் புகாரோடு போகும்போது, அதை வாங்கிப் படிக்க அங்கே ஒருவர் இருப்பார்.